பேனா கேமரா: எட்டு மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தவன் சொல்கிறேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் பத்திரிகையாளன் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் அனுப்புகிற பில்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஆனால் தலைக்குள் இன்னொருவன் குடியிருக்கிறான். அவன் புலனாய்வு நிருபர். மழைக்கோட்டு வைத்திருக்கிறான், மழை இல்லாத நாளிலும் போட்டுக்கொள்வான். நள்ளிரவு தாண்டி நிலத்தடி கார் நிறுத்தத்தில் தூணுக்குப் பின்னால் நின்று யாரோ ஒருவர் அவனிடம் மட்டும் ரகசியம் சொல்வார். அவன் அறைச் சுவர் முழுக்க போட்டோக்களும் செய்தித்தாள் துண்டுகளும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும் சிவப்பு நூலும். கடத்தல்காரர்கள், போலி மருந்து முதலாளிகள், லஞ்ச அதிகாரிகள் எல்லாரும் அவன் பெயரைக் கேட்டாலே சரணடைவார்கள். அவன் எப்போது உட்கார்ந்து எழுதுகிறான், எப்போது ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறான் என்று கேட்காதீர்கள், அந்தக் காட்சிகளை நான் கற்பனையில் வைக்கவே இல்லை.

இந்தப் பேனா கேமராவை ஆர்டர் செய்தவன் அவன்தான். பணம் கட்டியவன் நான்.

என்ன பிராண்டு என்று சொல்வதில் பயனில்லை. ஒரே பேனா பல பெயர்களில் விற்கிறது, பெட்டி மாறும், உள்ளே இருப்பது அதேதான். கறுப்பு நிறம், சாதாரணப் பேனாவைவிட ஒன்றரை மடங்கு தடிமன், தங்க நிறக் கிளிப். கிளிப்புக்குச் சற்று மேலே குண்டூசித் தலை அளவில் ஓர் ஓட்டை, அதுதான் லென்ஸ். உச்சியில் ஒரு பொத்தான். நடுவில் திருகிக் கழற்றினால் மெமரி கார்டு போடும் இடமும் சார்ஜ் போடும் துளையும் இருக்கும். கீழ்ப்பாதியில் ரீஃபில். பெட்டியைத் திறந்து சட்டைப்பையில் செருகிக் கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு ஐந்து நிமிடம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை, நல்லவேளை.

இந்தப் பேனாவுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. 1928 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணுக்கு மின்சார நாற்காலியில் மரண தண்டனை. உள்ளே கேமராவுக்கு அனுமதி கிடையாது. டெய்லி நியூஸ் பத்திரிகை சிகாகோவிலிருந்து டாம் ஹோவர்ட் என்ற புகைப்படக்காரரைக் கூட்டிவந்தது, உள்ளூர் ஆள் என்றால் சிறைக்காரர்களுக்கு முகம் தெரிந்துவிடும் என்பதால். அவர் கணுக்காலில் ஒரு குட்டிக் கேமராவைக் கட்டிக்கொண்டு, அதை இயக்கும் கம்பியைக் காற்சட்டைக்குள் மேலே இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு தகடு. சரியான நேரத்தில் காற்சட்டையைத் தூக்கி ஒரே ஒரு படம். அடுத்த நாள் முதல் பக்கம் முழுக்க அது. படம் கலங்கித்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் மறையவில்லை. ஒரு பெண் சாகிற நொடியை இப்படித் திருடி அச்சடிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது, அதுவும் மறையவில்லை. என் மழைக்கோட்டுக்காரனுக்கு இந்தக் கதையில் பிடித்தது கணுக்கால் மட்டும்தான்.

சரி, பேனாவுக்கு வருவோம். படத் தரம். பெட்டியில் முழு எச்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கோப்பைக் கணினியில் போட்டுப் பார்த்தால் 1920க்கு 1080 என்றுதான் காட்டும், பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. உள்ளே இருக்கிற சென்சார் அவ்வளவு விவரத்தைப் பிடிப்பதில்லை, சின்னப் படத்தை எடுத்து அதை இழுத்துப் பெரிதாக்கி அந்த அளவில் சேமித்து வைக்கிறது. அழுக்கு ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவர் யாரென்று தெரிகிறது. இரவில் அறை விளக்கில் எடுத்தால், அவரை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிறது. மேசையில் கிடக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியும் என நினைத்து வாங்குபவர்கள் அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதை எந்த விளம்பரமும் சொல்லாது. சட்டைப்பை என்பது துணி. துணி தொங்கும். இவ்வளவு கனமான பேனாவைச் செருகினால் அது கொஞ்சம் பின்னால் சாயும், லென்ஸ் மேலே பார்க்கும். எதிரே இருப்பவரை எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது கூரையை எடுத்துக்கொண்டிருக்கும். என்னிடம் இருக்கும் பதிவுகளில் முக்கால்வாசி மின்விசிறி, விளக்கு, சுவர் மூலை, ஒட்டடை, நடுநடுவே யாருடையதோ ஒரு தாடை. ஒரு முக்கால் மணி நேரக் கூட்டத்தில் பேசிய எட்டுப் பேரில் ஒருவருடைய மூக்குத் துவாரம் தவிர வேறெதுவும் அடையாளம் காட்ட முடியாது. பைக்குள் மடித்த அட்டையை வைத்து நிமிர்த்திப் பார்த்தேன். கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் நெஞ்சில் அட்டை வைத்துக்கொண்டு இயல்பாக நடப்பது எப்படி என்று இன்னும் பழகவில்லை.

ஒலி பரவாயில்லை, அமைதியான அறையில் எதிரே இருப்பவர் பேசினால் தெளிவாகவே கேட்கிறது. நீங்கள் அசையாமல் இருக்கிற வரைக்கும். அசைந்தால் மைக்குக்குள் சட்டைத் துணி உரசுகிற சத்தம், காய்ந்த இலைகளின் மேல் யாரோ ஓடுவதுபோல. என் இதயத் துடிப்பும் பதிவாகியிருப்பதாக முதலில் நினைத்துப் பெருமைப்பட்டேன், பிறகு பார்த்தால் அது சட்டைப் பொத்தான் பேனாவில் இடிக்கிற சத்தம்.

பேட்டரி ஒன்றரை மணி நேரம் என்றார்கள். முதல் மாதம் ஐம்பது நிமிடம் வந்தது, இப்போது முப்பத்தைந்து. இருபது நிமிடம் ஓடியதும் பேனா சூடாகத் தொடங்கும். காயம் ஆகிற சூடில்லை, ஆனால் நெஞ்சில் ஏதோ கதகதப்பாக இருப்பதை மறந்துவிட்டு இயல்பாகப் பேச முடியாத அளவுக்குச் சூடு.

பொத்தானைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மூன்று விநாடி அழுத்தினால் ஆன் ஆகும், நீல விளக்கு எரியும். மறுபடி ஒருமுறை அழுத்தினால் விளக்கு மூன்று முறை சிமிட்டி அணையும், அதாவது பதிவு தொடங்கிவிட்டது. மூன்று விநாடி அழுத்தினால் ஆஃப் ஆகும்போதும் சிமிட்டி அணையும். ஆக, விளக்கு அணைந்திருந்தால் பதிவு ஓடுகிறது என்றும் அர்த்தம், மொத்தமாக அணைந்துவிட்டது என்றும் அர்த்தம். கழற்றிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இதனால் இரண்டு கூட்டங்களை நான் பதிவு செய்யவே இல்லை. ஒருமுறை ஆஃப் செய்ததாக நினைத்து நான் கழிப்பறைக்குப் போய்வந்த முழு வரலாறும் ஒலியோடு பதிவாகிவிட்டது. அந்தக் கோப்பை அழிப்பதற்குள் பட்ட பாடு! அதுவும் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக உடைத்துச் சேமிக்கும், நான்கு துண்டு.

இப்போது தேதி விவகாரம். எல்லாக் குறைகளிலும் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது இதுதான்.

இந்த மாதிரிப் பேனாக்கள் பதிவின் மூலையில் தேதியையும் நேரத்தையும் பொறித்துவிடும். தேதியைச் சரிசெய்யப் பேனாவில் பொத்தான் எதுவும் கிடையாது. கணினியில் செருகி, மெமரி கார்டில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பை உருவாக்கி அதில் குறிப்பிட்ட வடிவத்தில் தேதியை எழுதிச் சேமிக்க வேண்டும். செய்முறைத் தாளில் இருக்கிறது, எறும்பு அளவு எழுத்தில். ஆனால் பேட்டரி முழுசாகத் தீர்ந்துபோனால் உள்ளே இருக்கிற கடிகாரம் மறந்துவிடும், தொழிற்சாலையில் வைத்த தேதிக்கே திரும்பிவிடும். என் பேனாவுக்கு அது 2008 ஜனவரி 1. முப்பத்தைந்து நிமிடத்தில் சாகிற பேட்டரியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், என் பேனா பெரும்பாலான நாட்களில் 2008இலேயே வாழ்கிறது.

நான் பேனாவை வாங்கிக் கொஞ்ச நாளில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கணக்குத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மாடிப்படி, தாழ்வாரத்தில் பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்ஈடி பல்பு போட்ட செலவு, பல்பு 14. பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் எண்ணிக்கை என்றால் கண் தானாக நின்றுவிடும். பதினாலா? அவ்வளவு இருக்கிறதா இந்தக் கட்டடத்தில்? அந்த வாரம் சங்கக் கூட்டம். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வீட்டு வாசலிலேயே பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினேன்.

கூட்டத்தில் பொருளாளர் பேசியதில் எனக்குப் பயன்பட எதுவும் இல்லை. இரவு கணினியில் போட்டுப் பார்த்தால் வழக்கம்போல எல்லாம் கூரை. அணைக்கப் போன கை நின்றது. மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை நான் இறங்கி வந்த பாதையில் தலைக்கு மேலே இருந்த ஒவ்வொரு பல்பும் வரிசையாகப் பதிவாகியிருந்தது. எண்ணினேன். ஒன்பது. மறுபடியும் எண்ணினேன். ஒன்பதுதான். பேனாவின் மிக மோசமான குறை எனக்கு ஆதாரத்தைக் கொண்டுவந்து தந்திருக்கிறது! மழைக்கோட்டுக்காரன் எழுந்து நின்றுவிட்டான். பதினாலு கழித்தல் ஒன்பது, ஐந்து. ஐந்து பல்பு எங்கே போயிற்று? யார் யாருக்குப் பங்கு? சிவப்பு நூல் வாங்க வேண்டுமோ?

இரவு பதினொன்றரைக்குக் குடியிருப்புக் குழுவில் வீடியோத் துண்டைப் போட்டு, கீழே எழுதினேன்: "பில்லில் 14. கூரையில் 9. பதில் சொல்வது யார்?" அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு அப்போது இருந்த காதல் இருக்கிறதே, அப்பப்பா. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் நாற்பது செய்திகள். முதலில் இருந்தது பொருளாளருடையது, காலை ஐந்து மணிக்கே போட்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர். "தம்பி, இந்த வீடியோல 2008ன்னு போட்டிருக்கே. 2008ல இந்த இடத்துல கட்டடமே இல்லையே." அதற்குக் கீழே முப்பத்தொன்பது சிரிப்பு முகங்கள்.

என் நண்பன் ஒருவன் பல வருடம் நிஜமாகவே நிருபராக இருந்தவன், நீதிமன்றச் செய்திகள் பார்த்தவன். அவனிடம் புலம்பலாம் என்று போன் செய்தால் அவன் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. "டேய், போடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டியா?" என்றான். எவரிடம்? "அந்தப் பொருளாளர்கிட்டதான். யார் மேல குத்தம் சொல்றியோ அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எவனும் அச்சுக்கு அனுப்ப மாட்டான்டா. கேட்டா தப்பிச்சுடுவான்னு பயமா? நிஜமாவே தப்பு பண்ணியிருந்தா, கேட்டப்புறமும் அது தப்பாத்தான் இருக்கும்." அப்புறம் இன்னொன்றும் கேட்டான். "அந்த ஒன்பதை எண்ண உனக்குக் கேமரா எதுக்கு? நிமிர்ந்து பாத்தா போதாதா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் பெரிய விசாரணைகளைப் படித்துப் பார்த்தால், கேமரா வருகிற இடம் குறைவு. பணக்காரர்கள் வெளிநாட்டு நிறுவனங்களில் மறைத்து வைத்த சொத்துகளைக் காட்டிக்கொடுத்த, 2016இல் வெளிவந்த பனாமா ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள், 1.15 கோடி கோப்புகள், 2.6 டெராபைட். யாரோ ஒருவர் ஜெர்மனிப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியதை நானூறு பேர் அளவிலான பத்திரிகையாளர்கள் ஒரு வருடம் மேசையில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் பத்திரிகை 2002இல் பாதிரியார்களின் பாலியல் குற்றங்களைத் திருச்சபை மூடி மறைத்ததை வெளியே கொண்டுவந்தபோது, அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, திருச்சபை வருடா வருடம் வெளியிடும் கையேடுகளைப் புரட்டி, யார் யார் மருத்துவ விடுப்பு என்ற பெயரில் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள் என்று வரிசையாகக் கணினியில் ஏற்றியது. என் அலுவலக வேலை மாதிரியே இருக்கிறது! எக்செல் தாளில் குனிந்து உட்கார்ந்திருக்கிற நான்தான் அந்த நிருபருக்குப் பக்கத்து ஆள், மழைக்கோட்டுக்காரன் இல்லை. இது தெரிந்தபோது சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று புரியவில்லை.

நெல்லி பிளை என்ற பெண் நிருபர் 1887இல் மனநோயாளி போல நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவுக் காப்பகத்துக்குள் போய்ப் பத்து நாள் இருந்தார். கையில் கேமரா இல்லை. குளிர்ந்த நீரில் குளிக்க வைத்தது, கெட்டுப்போன சாப்பாடு, தாதிகளின் அடி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வந்து எழுதினார். அவர் எழுதியதைப் படித்து விசாரணைக் குழு அங்கே போனது, காப்பகத்துக்கான நிதியும் கூடியது. இருபத்து மூன்று வயது அவருக்கு. பத்து நாள் பேட்டரி.

மறைவாகப் படம் எடுப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. கானா நாட்டின் அனாஸ் அரெமெயா அனாஸ் என்பவரின் வேலையே அதுதான். முகத்துக்கு முன்னால் பாசிமணி கோத்த மணித்திரை தொங்கவிட்டுக்கொண்டுதான் வெளியே தலைகாட்டுவார், அவர் முகம் எப்படி இருக்கும் என்று மக்களுக்குத் தெரியாது. 2015இல் நீதிபதிகள் லஞ்சம் வாங்குவதை மறைகேமராவில் பிடித்து வெளியிட்டார், பல நீதிபதிகளுக்குப் பதவி போயிற்று. என் கற்பனை ஆளுக்கு மிக அருகில் வருகிற நிஜ மனிதர் இவர்தான் என்று நினைத்துக்கொண்டு மேலே படித்தேன். அவரோடு வேலை செய்த அகமது ஹுசைன் சுவாலே என்ற நிருபரின் படத்தை ஓர் அரசியல்வாதி தொலைக்காட்சியில் காட்டினார். 2019 ஜனவரியில் அக்ராவில் அந்த நிருபரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த மணித்திரை வேஷம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கார் நிறுத்தக் காட்சியும் அப்படித்தான். அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் வுட்வர்டுக்கு எஃப்பிஐ அதிகாரி மார்க் ஃபெல்ட் நிலத்தடி கார் நிறுத்தத்தில் தகவல் சொன்னது உண்மைதான், அவர் யார் என்பது 2005 வரை உலகத்துக்குத் தெரியாமல் இருந்ததும் உண்மைதான். நம் எல்லாருடைய கற்பனையும் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னொரு கார் நிறுத்தம் இருக்கிறது. 1976 ஜூனில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் டான் போல்ஸ் என்ற நிருபர், தகவல் தருகிறேன் என்று சொன்ன ஒருவரைச் சந்திக்க ஒரு ஹோட்டலுக்குப் போனார். ஆள் வரவில்லை. திரும்பி வந்து காரை எடுத்தார், அடியில் வெடிகுண்டு. பதினொரு நாள் உயிரோடு போராடி இறந்தார். பிறகு பல பத்திரிகைகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட நாற்பது பேர் ஃபீனிக்ஸுக்கு வந்து அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்கள். போட்டிப் பத்திரிகைக்காரர்கள், ஒன்றாக.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாங்குபவர்கள் கட்டாயம் படியுங்கள். விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி கூட இருக்காது. இடத்துக்கு இடம் சட்டம் மாறும். கலிஃபோர்னியாவில் ரகசியமான பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பேசுகிற எல்லாருடைய சம்மதமும் வேண்டும், அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் ஒருவர் சம்மதம் போதும். ஜெர்மனியில் சாதாரணப் பொருள்போல வேஷம் போட்டு ஒட்டுக்கேட்டு அனுப்புகிற கருவியை வைத்திருக்கவே தடை, 2017இல் குழந்தைகளோடு பேசுகிற ஒரு பொம்மையையே இந்தக் காரணத்துக்காகத் தடை செய்தார்கள். ஆக, இந்தப் பேனா சில இடங்களில் பேனா, சில இடங்களில் வழக்கு.

நிருபர் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1992இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காரர்கள் இருவர் பொய்யான விண்ணப்பம் கொடுத்து ஒரு பெரிய பலசரக்குக் கடை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, விக்குக்குள் குட்டிக் கேமரா வைத்துக் கெட்டுப்போன இறைச்சி விற்பதைப் படமெடுத்தார்கள். கடைக்காரர்கள் செய்தி பொய் என்று வழக்குப் போடவில்லை, உள்ளே வந்த விதத்துக்காகப் போட்டார்கள். ஜூரி ஐம்பத்தைந்து லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 1999இல் மேல்முறையீட்டில் அது இரண்டே டாலர் ஆனது. இரண்டு டாலர்தானே என்று சிரிக்கலாம், ஏழு வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கியதை யார் கணக்கில் எழுதுவது?

எனக்குப் பிடித்த கதை சிகாகோ சன் டைம்ஸ் செய்தது. 1977இல் அந்தப் பத்திரிகைக்காரர்கள் ஒரு மதுக்கடையையே விலைக்கு வாங்கினார்கள், பெயர் மிராஜ், அதாவது கானல். நிருபர்களே மதுக்கடை ஊழியர்களாக நிற்க, மேலே மறைவான பரணில் புகைப்படக்காரர்கள். வருகிற சோதனை அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கை நீட்டுவதை நான்கு மாதம் எழுதியும் படமெடுத்தும் வைத்துக்கொண்டு, 1978இல் இருபத்தைந்து பகுதிகளாக வெளியிட்டார்கள். ஊரே அதிர்ந்தது. ஆனால் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பெரிதாக மதிக்கிற புலிட்சர் பரிசு கிடைக்கவில்லை, பொய் சொல்லி எடுத்த செய்திக்குப் பரிசா என்று குழுவில் சிலர் எதிர்த்தார்கள். எனக்கு இதில் இரண்டு பக்கமும் சரி என்றே படுகிறது. ஒன்று மட்டும், அவர்கள் மேலே பரணில் ஏறிக் கீழே பார்த்து எடுத்தார்கள். என் பேனா கீழே இருந்து மேலே பார்க்கிறது. அடிப்படையிலேயே கோளாறு.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரை, கூரைக்காக. ரீஃபிலைப் பற்றி யாராவது கேட்பீர்கள், நான்காம் நாளே நின்றுவிட்டது, உள்ளே போட்டிருந்தது சுண்டு விரல் நீளம்தான். சாதாரண ரீஃபிலை வெட்டிப் போட்டால் பொருந்துகிறது. எழுதும்போது கனம் தெரியும். பேசுவதைப் பதிவு செய்ய மட்டும் வேண்டுமென்றால் உங்கள் போன் இதைவிடப் பலமடங்கு நன்றாகச் செய்யும், மேசை மேல் எல்லாரும் பார்க்க வைத்துவிட்டு "பதிவு பண்ணிக்கவா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்கிறார்கள். கண்காணிப்புக்கு வேண்டுமென்றால் சுவரில் மாட்டுகிற கேமரா, கீழே ஓர் அறிவிப்போடு. சினிமாவில் நடிப்பவர்கள் வாங்கலாம். இல்லாத தேதியில் நடந்ததாக எதையாவது நிரூபிக்க வேண்டியவர்களும் வாங்கலாம்.

பல்பு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நண்பன் திட்டிய மறுநாள் மாலை நானே பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தேன், அவர் எதற்கும் இடம் கொடுக்காமல் கணக்குக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருவரும் கட்டடத்தைச் சுற்றினோம். மோட்டார் அறையில் ஒன்று. மீட்டர் பெட்டிகள் இருக்கும் அறையில் ஒன்று. மொட்டை மாடிக் கதவுக்கு மேல் ஒன்று, நான் மூன்றாம் மாடியில் இருப்பதால் அங்கே என் பேனா போனதே இல்லை. ஆகப் பன்னிரண்டு. அவர் ஒவ்வொன்றாகக் கைகாட்டக் காட்ட என் காது சூடாகிக்கொண்டே வந்தது, பேனா பையில் இல்லாமலே.

"மீதி ரெண்டு, சார்?" என்றேன், தயக்கமாகத்தான்.

"உதிரிக்கு வாங்கினது தம்பி, கீழ அலமாரில இருக்கு."

அலமாரி பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், அவர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார். பொருளாளர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை, அந்த இடத்தில் வெளிச்சம் குறைவு.

"திங்கக்கிழமை காலைல வந்துடு. உன் பேனாவையும் கொண்டு வா, தேதிய மட்டும் சரி பண்ணிட்டு."